அக்கிராசனமும் சிதம்பரம் பிள்ளையும்

ஒரு பெருங்கட்சி தன் தலைமைப் பீடத்துக்கு ஆளைத் தெரிந்தெடுக்கும் காலம் வரும்போதெல்லாம் ஒரே வழக்குத்தான் எழுகின்றது. வேகமாக முன்செல்லும் தீவிரக் கொள்கையாளரை நிறுத்துவதா, நடுவழியில் நிதானித்து நிற்பவரை நிறுத்துவதா என்பதே அவ்வழக்கு. முன்னவரை நிறுத்தினால் அதிகாரத்தில் உள்ளோர் சீறுவர், செல்வர் விலகுவர், கட்சி நொறுங்கும் என்று ஒரு சாரார் அஞ்சுகின்றனர். பின்னவரை நிறுத்தினால் கட்சியின் உடல் பிழைக்கும், உயிர் போய்விடும் என்று மறு சாரார் அஞ்சுகின்றனர். இவ்வழக்கு நமது தேசத்தில் கைகலப்பில் முடிந்தது 1907-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் சூரத் நகரத்தில். தென்னாட்டிலிருந்து அங்கே சென்ற பிரதிநிதிகளுள் முன்னணியில் நின்றவர் நமது கரிசற் சீமையில் பிறந்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் கப்பல் விட்டதையும் சிறையில் செக்கிழுத்ததையும் நமது சிறுவர்களும் அறிவர். அவர் சூரத்துக்குச் சென்றதையும், அச்சபை குலைந்ததன் பலனை அவர் எவ்வாறு அநுபவித்தார் என்பதையும் நினைப்பவர் சிலரே.

புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் என்று தொடர்ந்து கிடக்கும் கரிசற்காடு வானத்தையே நம்பிப் பிழைப்பது. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் கம்பும் சோளமும் உண்டு, கருங்கண்ணிப் பருத்தியும் உண்டு, பொய்த்தால் ஒன்றுமில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சீமையின் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடி சேர்ந்து, அங்கே வெள்ளைக்காரர் ஆலைகளில் நூலாயிற்று. அல்லது வெள்ளைக்காரர் கப்பலில் ஏறிக் கடல் கடந்தது. விளைவித்தவனுக்கு விலையைப் பற்றிப் பேச வாயில்லை. எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து நடத்த முயன்று கைப்பொருளை இழந்தவர் பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர். ஆகவே சுதேசியம் என்ற சொல் வங்காளத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோது அது நமது குடியானவர்களுக்குப் புதிய தத்துவமாகத் தோன்றவில்லை. தங்கள் வீட்டுக் கணக்கையே யாரோ உரத்துப் படித்தாற்போல் இருந்தது.

சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்து, திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1895-இல் சொந்த ஊரிலேயே வக்கீல் தொழில் தொடங்கி, 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். ஏழைகளின் வழக்குகளைக் கூலி பெறாமலும் நடத்துபவர் என்று அக்காலத்திலேயே பெயர் பெற்றிருந்தார். தமிழ் நூல்களில் ஆழ்ந்த பயிற்சியும் சைவத்தில் பற்றும் உடையவர். இவ்வளவில் நின்றிருந்தால் ஜில்லாவில் மதிக்கத்தக்க வக்கீல்களுள் ஒருவராக வாழ்ந்து முடிந்திருப்பார்.

1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். பிள்ளை உதவிக் காரியதரிசி. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததைக் கவனிக்க வேண்டும். சிறு வியாபாரியும் கையில் கொஞ்சம் மீதமுள்ள விவசாயியும் உரிமையாளராகலாம் என்பது அதன் கருத்து. 1907-இல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தை இறக்கிப் போட்டியிட்டனர். சர்க்கார் அதிகாரிகள் அவர்கள் பக்கம் நின்றனர். சர்க்கார் தராசைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் எந்தச் சுதேசித் தொழிலும் நேர்மையான போட்டியில் நிற்க முடியாது என்ற பாடம் பிள்ளைக்குத் துறைமுகத்திலேயே கிடைத்துவிட்டது. விண்ணப்பம் எழுதி நியாயம் கேட்கும் நிதானக் கட்சியில் அவர் இருக்க முடியாமற் போனதற்குக் காரணம் புத்தகமன்று, இந்த அநுபவமே என்பது நமது கருத்து.

இனி அக்காலத்துக் காங்கிரஸின் நிலைமையைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் காங்கிரஸ் அக்கிராசனரை மகாஜனங்கள் வோட்டுப் போட்டுத் தெரிந்தெடுக்கவில்லை. மகாசபை கூடும் ஊரிலுள்ள உபசரணைச் சபையார், மாகாணக் கமிட்டிகளைக் கலந்துகொண்டு, ஒருவரை நியமிப்பர். கூடியிருக்கும் பிரதிநிதிகள் கரகோஷம் செய்து அங்கீகரிப்பர். எல்லாரும் ஒரே மனமாக இருந்த வரையில் இம்முறை நன்றாகவே நடந்தது. வங்கப் பிரிவினைக்குப் பின் மனம் இரண்டாயிற்று. பால கங்காதர திலகரை அக்கிராசனராக்க வேண்டும் என்று புதிய கட்சியார் 1906-இலேயே கேட்டனர். கல்கத்தாவில் அவ்வருஷம் மிதவாதிகள் செய்த யுக்தி சாமானியமானதன்று. இருமுறை அக்கிராசனம் வகித்திருந்தவரும், எண்பது பிராயம் கடந்தவரும், எவராலும் எதிர்க்கத் தகாதவருமான தாதாபாய் நௌரோஜியை லண்டனிலிருந்து வரவழைத்து அமர்த்தினர். திலகர் கட்சியார் வாய்மூட வேண்டியதாயிற்று. ஆனால் அச்சபையில் சுயராஜ்யம், சுதேசியம், பகிஷ்காரம், தேசீயக் கல்வி என்ற நான்கு தீர்மானங்களும் நிறைவேறின. நாற்காலி ஒருவருக்கும் தீர்மானம் மற்றொருவருக்கும் போயிற்று என்று சொல்லலாம். கட்சி உடையாமல் ஒரு வருஷம் ஓடிற்று.

மறு வருஷத்துச் சபை நாகபுரியில் கூடவேண்டியது. அங்கே திலகருக்கு ஆதரவு பலமாயிருந்தது. உபசரணைச் சபையில் முக்கால் பங்கு வோட்டு எக்கட்சிக்கும் கிட்டாமல் கூட்டம் கலவரத்தில் கலைந்தது. உடனே தலைவர்கள் பம்பாயில் கூடி இடத்தையே சூரத்துக்கு மாற்றினர். சூரத் ஸர் பிரோஸ்ஷா மேத்தாவின் செல்வாக்குக்கு உட்பட்ட ஊர். அன்றியும் அது பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. சபை கூடும் மாகாணத்தவர் ஒருவரே அக்கிராசனராவது வழக்கமில்லை. ஆகையால் திலகரின் பெயர் எடுபடாமற் போயிற்று. புதிய கட்சியார் சளைக்காமல், நாடுகடத்தப்பட்டு மாந்தலேயிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த லாலா லஜபதி ராயின் பெயரைச் சொன்னார்கள். சர்க்காரால் துன்புறுத்தப்பட்டவருக்கு மகாசபை மரியாதை செய்வதில் யாருக்கு ஆட்சேபம் இருக்க முடியும் என்று எண்ணினர். ஆட்சேபம் இருந்தது. லஜபதி ராயும் தம்மால் பிளவு வேண்டாமென்று விலகிக்கொண்டார். மிதவாதிகள் நிறுத்தியவர் டாக்டர் ராஷ் பிஹாரி கோஷ்.

கோஷைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை அடிமைப் புத்தியுடையவர் என்று எண்ணிவிடலாகாது. கல்கத்தாவின் தலைசிறந்த சட்ட நிபுணர். வங்காளத்துத் தேசீயக் கல்விச் சபையின் முதல் தலைவர். பிற்காலத்தில் கல்விக்காகத் தம் சம்பாத்தியத்தை லட்சக்கணக்கில் வாரிக் கொடுத்தவர். ஆள் மோசமென்பது வழக்கன்று. கல்கத்தாவில் நிறைவேறிய நான்கு தீர்மானங்கள் அவருடைய அக்கிராசனத்தில் நீர்த்துப் போகுமோ என்பதே சந்தேகம். கட்சித் தலைவர் தேர்தலில் ஆளின் குணாகுணத்தைப் பேசுவோர் பெரும்பாலும் வேறொன்றைப் பேச அஞ்சியே அதைப் பேசுகின்றனர்.

சிதம்பரம் பிள்ளை, பாரதியார், மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார் முதலியோர் சென்னை மாகாணத்திலிருந்து புதிய கட்சிப் பிரதிநிதிகளைத் திரட்டிக்கொண்டு சூரத்துக்குப் போனார்கள். அப்போது அவர்களுடைய பலம் மேடையில் இல்லை; பந்தலில் உட்கார்ந்திருக்கும் தலைகளின் எண்ணிக்கையில் இருந்தது. டிசம்பர் 26-ஆம் தேதி கோஷின் பெயரை அம்பாலால் சாகர்லால் தேசாய் பிரேரேபித்தார். சுரேந்திரநாத் பானர்ஜி ஆமோதிக்க எழுந்ததும் கூச்சல் கிளம்பிற்று. ஹிந்துஸ்தானத்தையே தன் நாவால் கட்டிப்போட்ட அப்பெரியாருக்கு அன்று ஒரு வாக்கியம் முடிக்க இயலவில்லை. சபை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. 27-ஆம் தேதி பானர்ஜி பேசி முடித்தார். மோதிலால் நேரு ஆதரித்தார். உபசரணைச் சபைத் தலைவர் மால்வி தீர்மானம் நிறைவேறியதாகச் சொல்ல, கோஷ் எழுந்து பிரசங்கத்தைத் தொடங்கினார். முன்பே சீட்டு எழுதி அநுப்பியிருந்த திலகர், சபையை ஒத்திவைக்கத் திருத்தம் கொண்டுவருவதாகச் சொல்லி மேடையேறினார். அனுமதி இல்லை என்றனர். அவர் கைகட்டி நின்றார். அப்போது பந்தலிலிருந்து ஒரு மராட்டியச் செருப்பு பறந்து வந்து பானர்ஜியின் மேல் பட்டு மேத்தாவின் மேலும் பட்டது. பிறகு நாற்காலிகள் பறந்தன, தடிகள் எழுந்தன. போலீஸார் வந்து பந்தலைக் காலி செய்தனர்.

செருப்பெறிந்தவன் செய்தது இழிவென்பதில் நமக்கு ஐயமில்லை. அதைக் காட்டியே புதிய கட்சி முழுவதையும் காடையர் கூட்டமென்று பழித்த பத்திரிகைகளும் அக்காலத்தில் உண்டு. ஆனால் செருப்பு கடைசியில் வந்தது. அதற்கு முன்னே ஊர் மாற்றம் வந்தது. ஊர் மாற்றத்துக்கு முன்னே கேட்டவர்க்கு வோட்டைக் காட்டாமை வந்தது. மிதவாதிகளுக்கே அன்று பெரும்பான்மை இருந்திருக்கலாம். இருந்தால் எண்ணிக் காட்டுவதில் என்ன நஷ்டம்? எண்ணித் தோற்றவன் வீட்டுக்குப் போய் அடுத்த வருஷத்துக்கு ஆள் சேர்ப்பான். எண்ணாமல் தள்ளப்பட்டவனுக்குக் கூச்சலைத் தவிர வேறு வழி தெரியாது. புதிய கட்சியாரிடத்தும் குற்றம் உண்டு. நாற்காலியைப் பிடித்தால் நாட்டைப் பிடித்தாற்போலாகும் என்று அவர்களில் பலர் மயங்கினர். முந்திய வருஷம் நாற்காலியை விட்டுக்கொடுத்துத் தீர்மானங்களைப் பெற்றவர்கள், இவ்வருஷம் தீர்மானங்களைக் காப்பதாக உறுதி கிடைக்குமானால் நாற்காலியை விட முன்வந்தனர் என்பது உண்மை; அவ்வுறுதியைப் பேசி முடிப்பதற்குள் பந்தல் நிறைந்துவிட்டது.

அமெரிக்காவிலும் 1912-இல் இதுவே நடந்தது. குடியரசுக் கட்சியின் சிகாகோ மகாநாட்டில் டாப்டு என்பவரே மறுபடியும் ஜனாதிபதி அபேட்சகராக நிறுத்தப்பட்டார். பிரதிநிதிகளை எண்ணியதில் வஞ்சனை என்று சொல்லித் தியோடோர் ரூஸ்வெல்ட் வெளியேறி, முற்போக்குக் கட்சி என்று தனியே ஒன்று கண்டார். வோட்டு இரண்டாகப் பிரிந்து, எதிர்க்கட்சியின் வில்ஸன் வென்றார். அங்கே உட்சண்டையின் நஷ்டம் ஒரு தேர்தல். இங்கே தேர்தலே இல்லை. எதிரில் நின்றது அந்நிய சர்க்கார். ஆகையால் இங்கே நஷ்டம் வேறு விதமாக வசூலாயிற்று.

சபை குலைந்த மறுநாள் இரு கட்சியாரும் தனித்தனியே கூடினர். புதிய கட்சிக் கூட்டத்துக்கு அரவிந்த கோஷ் தலைமை வகித்தார். பிள்ளை ஊர் திரும்பியதும் மேடையை விட்டு ஆலை வாசலுக்குப் போனார். 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குப் பக்கபலமாக நின்றனர். பத்து நாட்களுக்குள் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. கரிசல் கிராமங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள் பெற்ற வெற்றி அது. சூரத்தில் யார் அக்கிராசனம் வகித்தார் என்று அந்தத் தொழிலாளிகள் கேட்டிருப்பார்களோ என்னவோ, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்றால் இன்னதென்று அறிந்துகொண்டார்கள்.

மார்ச்சு 12-ஆம் தேதி பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு, துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ஆம் தேதி ஜட்ஜ் பின்ஹே தீர்ப்புச் சொன்னார்: இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்து 40 வருஷம் தீவாந்தரம். அதே மாதம் 22-ஆம் தேதி திலகருக்கு ஆறு வருஷம். அரவிந்தர் மே மாதத்திலேயே சிறைப்பட்டிருந்தார். சூரத்தில் புதிய கட்சியை நடத்தியவர்கள் ஏழு மாதத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக மூடப்பட்டனர். காங்கிரஸ் ஒன்றாக இருந்திருந்தால் சர்க்கார் இவ்வளவு துணிந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. துணிந்தே இருக்கும் என்று நாம் நினைக்கின்றோம். ஆனால் இவ்வளவு சுலபமாகத் துணிந்திராது. வீட்டார் விலக்கிவைத்த பிள்ளையை ஊரார் அடிக்கத் தயங்குவதில்லை.

1908 டிசம்பரில் காங்கிரஸ் சென்னையில் கூடிற்று. அக்கிராசனர் அதே ராஷ் பிஹாரி கோஷ். இம்முறை கூச்சல் இல்லை. பிரசங்கம் முழுவதையும் அமைதியாகப் படித்தார். அலகாபாத்தில் எழுதிய கொள்கைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களுக்கே பந்தலில் இடம் என்று விதித்திருந்தார்கள். அதே மாகாணத்தில், கோயம்புத்தூர்ச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கைச் சிதம்பரம் பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தார். அக்கிராசனம் எவ்வளவு முக்கியம், எவ்வளவு முக்கியமல்ல என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேல் விசாரணையில் தண்டனை குறைந்து, 1910 முடிவில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பர் 24-ஆம் தேதி விடுதலையானார். கப்பல் கம்பெனி 1911-லேயே கலைந்துவிட்டது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரங்கள் நடத்திக் குடும்பத்தைக் காத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று கொடுத்த 347 ரூபாய், காந்தியடிகள் மூலம் வந்து சேர வேண்டி, 1915, 1916-ஆம் வருஷங்களில் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத நேர்ந்தது. 10 லட்சம் மூலதனத்துக்குத் திட்டமிட்ட கை அது.

இதற்கிடையில் காங்கிரஸ் மாறிக்கொண்டு வந்தது. மேத்தாவும் கோகலேயும் 1915-இல் காலமாயினர். 1916-இல் லட்சுமணபுரியில் இரு கட்சியும் மறுபடி சேர்ந்தன. 1918-ஆம் வருஷத்து டில்லி காங்கிரஸுக்குத் திலகரையே அக்கிராசனராகத் தெரிந்தெடுத்தார்கள். அவர் ஒரு வழக்குக்காக இங்கிலாந்து சென்றிருந்தமையால் மாளவியா அவ்விடத்தில் அமர்ந்தார். திலகர் 1920 ஆகஸ்டு முதல் தேதி மாண்டார். எவருக்காக ஒரு மகாசபை உடைந்ததோ அவர் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை. மறு மாதமே கல்கத்தாவில் கூடிய விசேஷ காங்கிரஸுக்கு அக்கிராசனர் லஜபதி ராய்! பதின்மூன்று வருஷத்துக்கு முன் தள்ளப்பட்ட பெயர் இப்போது யாருடைய ஆட்சேபமுமின்றி ஏறிற்று. அதற்குள் விவாதப் பொருளே வேறாகிவிட்டது. ஒத்துழையாமை என்ற காந்தியடிகளின் புதுவழி வந்துவிட்டது. திலகரையே அரசியல் குருவாகக் கொண்டிருந்த பிள்ளைக்கு அவ்வழியில் நம்பிக்கை ஏற்படவில்லை. காங்கிரஸை விட்டு விலகினார். சூரத்தில் தீவிரவாதி என்று பெயர் பெற்றவர் 1920-இல் பழையவர் என்று பெயர் பெற்றார். அவர் நின்ற இடம் பெரிதும் மாறவில்லை; அவரைச் சுற்றித் தரை நகர்ந்துவிட்டது. இன்று ஒருவரை முற்போக்காளர், நடுநிலையாளர் என்று முத்திரையிடுவோர் இந்த ஓர் ஆயுளைப் படித்தால் முத்திரையைக் கொஞ்சம் மெதுவாகவே குத்துவார்கள்.

வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் கப்பலை எதிர்த்தவர் வெள்ளையர் ஒருவருக்கு நன்றி பாராட்டத் தயங்கவில்லை. பின்பு கோவில்பட்டியில் குடியிருந்து வக்கீல் தொழில் நடத்தினார். வருமானம் சொற்பம். புதூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கோவில்பட்டிதான் சந்தையும் ரயிலும் உள்ள பட்டணம். 40 வருஷத் தண்டனை பெற்றவர் அங்கே சில்லறை வழக்குகளுக்காகக் கறுப்பு அங்கியணிந்து நடந்ததைக் கண்டவர் எத்தனை பேர் அவர் யாரென்று அறிந்திருப்பர்? ஓய்ந்த வேளைகளில் தமிழ் நூல்களோடு இருந்தார். சிறையிலேயே ஆங்கில நூல்களைத் தமிழாக்கியும் அறநூல் இயற்றியும் வந்தவர் ஆதலால் திருக்குறளுக்கு உரை எழுதுவதும் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிப்பதும் அவருக்கு ஆறுதலாயிருந்தன.

1927-இல் காங்கிரஸுக்குத் திரும்பினார். அவ்வருஷம் நவம்பரில் சேலத்தில் கூடிய தமிழ்நாட்டு அரசியல் மகாநாட்டுக்கு அவரே அக்கிராசனர். சூரத்தில் மற்றொருவரின் நாற்காலிக்காகச் சண்டையிட்டவருக்கு, இருபது வருஷம் கழித்து, மாகாண அளவில் ஒரு நாற்காலி கிடைத்தது. அங்கே அவர் ஆற்றிய பிரசங்கம் எனது அரசியல் பெருஞ்சொல் என்ற பெயரில் அச்சேறியது. ஆயினும் மகாநாடு முடிந்தபின் கட்சி அவரைத் தேடவில்லை. அவரும் கட்சியில் பதவி தேடவில்லை. 1932-இல் தூத்துக்குடிக்கே பெயர்ந்தார்.

அவர் காலத்துக்குப் பின் 1939-இல் காங்கிரஸ் அக்கிராசனத் தேர்தலில் வோட்டுகள் உள்ளபடியே எண்ணப்பட்டன: தீவிரரான சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580, பட்டாபி சீதாராமையாவுக்கு 1,377. எண்ணிக்கையில் வென்ற போஸ், தலைவர்கள் ஒத்துழைக்காமையால், மூன்றே மாதத்தில் ராஜிநாமாச் செய்தார். 2022-இலும் அக்கட்சியில் இருவர் நின்றனர்; மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. தோற்றவர் மறுநாளும் கட்சியிலேயே இருந்தார். சூரத்தில் கிடைக்காதது இவ்வளவே.

சிதம்பரம் பிள்ளை 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார். அந்திம காலத்தில் தம்மைக் காங்கிரஸ் ஆபீஸுக்குக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொண்டார். அங்கேயே உயிர் பிரிந்தது. மறு மாதம் காங்கிரஸ் மகாசபை பெய்ஸ்பூர் என்னும் கிராமத்தில் கூடிற்று. மகாசபை பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.